குருடர் கட்டத்தில் ஒன்று

— அதுதான் சொல்லிப்போட்டனே, ஷரபுதீன் நானா. உதிலை பேர் தேட ஏலாது. இது ஆளைத் தேடுற கந்தோர் இல்லை. ஆக்களை எண்ணுற குடிசனக் கணக்குக் கந்தோர்.

— எண்ணுறதுன்னா ஆளைப் பாத்துத்தானே எண்ணியிருப்பீங்க, ஜெயபாலன் கிராணியாரே? பாக்காமலா எண்ணினீங்க? இந்தப் பொண்ணு ஒரு வார்த்தை கேக்கட்டும், அப்புறம் விரட்டுங்க லா. சுங்கை சிப்புட்டுலேருந்து ஈப்போவுக்கு ரயில்ல நின்னுக்கிட்டே வந்திருக்கு. பச்சத் தண்ணி இன்னும் பல்லுல படல.

— நான் விரட்டேல்லை. முறையைச் சொல்லுறன். கதிரை இருக்கு, இருக்கச் சொல்லுங்கோ.

— வேணாங்க சாமி. நான் இங்கிட்டே தரையில குந்திக்கிறேன்.

— தரையிலை தாளுகள் அடுக்கிக் கிடக்கு, பிள்ளை. ஒரு தாள் இடம் மாறினால் ஒரு தோட்டமே இடம் மாறிப்போடும். கதிரையிலை இரு. உன்ரை சேலையிலை மழைத் தண்ணி சொட்டுது, அதையும் பிழிஞ்சுபோட்டு இரு. பேர் என்ன?

— இருளாயிங்க. பழைய பாலத் தோட்டம், மூணாவது லயம். ரப்பருப் பால் மரம் வெட்டுறேன்.

— ஆரைத் தேடுறாய்?

— எங்க வீட்டுக்காரரைங்க.

— அவருக்குப் பேர் இல்லையோ?

— இருக்குங்க. நான் எப்படி என் வாயால சொல்ல? அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே.

— சன்னாசி. நீங்க அவனைப் பாத்திருக்கணும், கிராணியாரே. நெட்டப்பனை. என் கடை நிலையில நெத்தியை இடிக்காம ஒரு நாளும் உள்ள வந்ததில்ல. அவனுக்கு வேட்டி விக்கிறதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும். ஊருல உள்ளவனுக்கெல்லாம் குடுக்கிற அளவைக் குடுத்தா, முட்டிக்குக் கீழ எறங்காது. ‘ராவுத்தரே, பள்ளிக்கூடத்துப் பையன் துணியை எந் தலையில கட்டுறீரா’ம்பான். உம்முன்னு சொல்ல மாட்டான், சிரிச்சுக்கிட்டே சொல்லுவான்.

— உயரம் எங்கடை தாளிலை இல்லை, நானா. கண், காது, புத்தி, பெருநோய். நாலுதான் கேட்டது.

— கண்ணுதாங்க சாமி. கண்ணுதான் போச்சு.

— எப்ப?

— மாசி மாசம். பால் கொட்டகையில ஆசிட்டுச் சாடியை மேல் பலகையில தூக்கி வைக்கணும்னாக. எங்க வீட்டுக்காரரு கொட்டகை ஆளே இல்லைங்க, மரம் வெட்டுற ஆளு. ‘அந்த நெட்டையனைக் கூப்பிடு, அவனுக்குத்தான் எட்டும்’னு கூப்பிட்டாக. இவுகளும் போனாக. சாடி விளிம்பு ஏற்கெனவே ஒடஞ்சு கெடந்திருக்கு. அண்ணாந்து தூக்குன மொகத்துலயே ஊத்திருச்சு.

— ரண்டு கண்ணுமோ?

— ஒண்ணு சுத்தமாப் போச்சு. இன்னொண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியுதுன்னாக. நான் எதுக்க நின்னா, ‘யாரோ மறைக்கிற மாதிரி இருக்கு’ன்னு சொல்லுவாக. அதுவும் வர வர மங்கிக்கிட்டே போச்சுங்க.

— பிறகு?

— ஆத்துக்கு அந்தாண்ட, நாலஞ்சு தோட்டத்துக்கும் பொதுவா ஒரு தகரக் கூரை ஆஸ்பத்திரி இருக்குல்ல, அங்கிட்டுக் கொண்டு போட்டாக. நான் ஞாயித்துக்கிழமை பரிசல்ல போயிப் பாத்துட்டு வருவேன். பங்குனி உத்திரம் கழிஞ்சு போகலாம்னு இருந்தப்ப, அர்ச்சுனன் கங்காணி லயத்துக்கு வந்தாரு. ‘ஒம் புருசன் இனிமே வேலைக்கு ஆக மாட்டான், தொரை ஊருக்கு அனுப்பச் சொல்லிட்டாரு. ஆஸ்பத்திரியிலேருந்தே வண்டியில ஏத்தி பினாங்குக் கப்பல்ல விட்டுருவோம். பெரட்டுலயும் பேரை வெட்டியாச்சு’ன்னாரு. மறுநா விடியக்காலம் பெரட்டுக் களத்துல நின்னேன். வரிசையாப் பேரைக் கூப்பிட்டாக. அவுக பேரைக் கூப்பிடலைங்க. அப்பத்தான் நெசம்னு தெரிஞ்சுச்சு.

— நீ கூடப் போகேல்லையோ?

— விட்டாத்தானே சாமி? ‘ரெண்டு பேரையும் சும்மா அனுப்ப இது என்ன சத்திரமா? அவன் கண்ணு போச்சு, ஒங் கை நல்லாத்தானே இருக்கு’ன்னாரு கங்காணி. ஒரு வேட்டி, ஒரு துண்டு, கொஞ்சம் வெத்தலை வெச்சு மூட்டை கட்டி கங்காணிகிட்டயே குடுத்து அனுப்புனேன்.

— அப்ப அவர் ஊரிலை இருப்பார். இஞ்சை ஏன் வந்தனீ?

— ஊருல இல்லைங்களே!

— இல்லைன்னு அவன் தம்பி எழுதியிருக்கான், கிராணியாரே. நான்தான் படிச்சுக் காட்டினேன். ஒவ்வொரு கப்பலுக்கும் நாகப்பட்டினம் போயி நின்னிருக்கான், பாவம். எறங்குற ஆளு மொகத்தையெல்லாம் பாத்திருக்கான். அண்ணன் வரல. அந்தக் கடுதாசியை இந்தப் பொண்ணு மடியில வெச்சு வெச்சு இப்ப அது துணி மாதிரி ஆயிருச்சு.

— கப்பல்காரரைக் கேட்டனீங்களோ?

— பினாங்குல எங்க மச்சான் ஒருத்தன் இருக்கான், போயிக் கேட்டான். டெக்குல போற ஆளுக்கெல்லாம் பேரு எங்க இருக்கு? மூட்டைக்காவது நம்பரு ஒட்டுறாங்க. சுசா லா. பெரிய தொல்லை.

— நான் நாளன்னிக்குக் கப்பலுக்குப் போறேங்க சாமி.

— எந்தக் கப்பல்?

— நாகப்பட்டினக் கப்பல். காதுல கெடந்த தண்டட்டியைக் கழட்டிக் குடுத்துட்டு, ஏற எடம் வாங்கியாச்சு. இந்தா, காதைப் பாருங்க, மூளியா இருக்கு. தோட்டத்துலயும் சொல்லியாச்சு. லயத்து அறைக்கு வேற ஆளு வந்துட்டாக. ஏறுனா திரும்ப இங்கிட்டு வர முடியாது. வேலையை விட்டுப் போறவளை மறுபடி எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாக. அவுக அங்கிட்டு இருந்தா நான் போயித் தேடுவேன். கோயில் வாசல், சத்திரம், சந்தை, எங்கிட்டு உக்காந்திருந்தாலும் தேடிருவேன். இங்கிட்டு இருந்தா நான் ஏறக் கூடாதுல்ல? அதுதான் சாமி, எனக்குத் தெரிய வேண்டியது. அங்கிட்டா, இங்கிட்டா. வேற ஒண்ணும் வேணாம்.

— அதுக்கு என்னட்டை ஏன் வந்தனீ எண்டு கேக்கிறன்.

— எங்க லயத்துக்கு எண்ண வந்த வாத்தியாரு சொன்னாரு. ஊருலயும் இதே மாதிரி வீடு வீடா எண்ணுறாக, கண்ணு தெரியாதவுகளை மட்டும் தனிக் கட்டத்துல எழுதுறாகன்னாரு. இங்கிட்டும் தனியா எழுதுறோம்னாரு. கண்ணு தெரியாதவுக எத்தனை பேரு இருந்துறப் போறாக? அந்தக் கட்டத்துல மட்டும் ஒரு பார்வை பாருங்க. ரெண்டு நாட்டுக் கணக்கும் ஒங்ககிட்டதான் இருக்குன்னு அண்ணன் சொன்னாக.

— நானா, நீங்களோ சொன்னது?

— பொய்யா சொன்னேன்? போன தடவை கடைக்கு வந்தப்ப நீங்கதானே பெருமையாச் சொன்னீங்க: ‘மதராஸ், மலாயா, சீமை எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டு ஒரு பெரிய தாள் எழுதுறேன்’னு. நான் அதை இந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். முழுகிப் போறவளுக்கு ஒரு துரும்பு.

— ஓம், எழுதுறன். ஆனா பிள்ளை, நீ நினைக்கிற மாதிரி இல்லை அது. இஞ்சை பார். இந்தத் தடிச்ச புத்தகம் மதராஸ் மாகாணத்துக் கணக்கு. பத்து வருசத்துக்கு முந்தினது; புதுசு இன்னும் அச்சாகி வரேல்லை. இதிலை குருடர் எத்தினை ஆயிரம் எண்டு இருக்கு. ஆர் எண்டு இல்லை. ஒருத்தற்றை பேரும் இல்லை.

— எத்தனை ஆயிரம்ங்க?

— பல்லாயிரம்.

— ஆத்தாடி! அம்புட்டுப் பேரா?

— அவ்வளவு குருடனையும் எண்ணி வெச்சு என்ன செய்யப் போறீங்க, கிராணியாரே? ஆளுக்கொரு கண்ணு குடுக்கப் போறீங்களா?

— ஒப்பிடுறது.

— எதை?

— நாட்டோடை நாட்டை. எந்த நாட்டிலை கூட, எந்த நாட்டிலை குறைய, ஏன் எண்டு. கேலி செய்யாதேங்கோ, நானா. ஒழுங்காய் எண்ணினால்தான் ஒழுங்காய் வைத்தியம் செய்யலாம். அதுக்குத்தான் நான் இருந்து முதுகு வளைக்கிறன். ஆனால் ஒழுங்காய் எண்ணுறதுக்கு ஒருத்தரும் இல்லை. சீமையிலை இந்தமுறை அந்தக் கேள்வியையே எடுத்துப்போட்டினம்; சனம் உள்ளதைச் சொல்லாது, கேட்டு என்ன பயன் எண்டு. மதராஸிலை ரண்டு கண்ணும் தெரியாதவன்தான் குருடன். ஒற்றைக் கண்ணனை எழுதக் கூடாது எண்டு சட்டம். இஞ்சை, எங்கடை துரை தன்ரை விருப்பத்திலை ஒரு தனித் தாள் சேர்த்தார். அதுக்கு விளக்கம் எழுத ஆருக்கும் நேரம் இல்லை. எண்ணப் போனவை தங்கடை எண்ணப்படி எழுதினவை.

— அப்போ, ஒரு கண்ணுல வெளிச்சம் மட்டும் தெரியுறவுகளை ஊருல எந்தக் கட்டத்துல எழுதுவாக?

— ...அது எண்ணப் போறவனைப் பொறுத்தது. ஒருத்தன் குருடன் எண்டு எழுதுவான். ஒருத்தன் எழுதமாட்டான்.

— எழுதலைன்னா?

— நல்ல கண் உள்ளவன் எண்டு கணக்கு.

— யாரு, எங்க வீட்டுக்காரரா? நல்ல கண்ணா? சாமி, சோத்துத் தட்டு எங்க இருக்குன்னு தடவுவாக. தடவுறது எனக்குத் தெரியப்படாதுன்னு, தட்டைச் சுத்திச் சுத்தி மெதுவா விரலை ஓட்டுவாக.

— எனக்கு விளங்குது, பிள்ளை. தாளுக்கு விளங்காது.

— இருக்கட்டும். குருடுன்னே எழுதியிருக்கட்டும். ஊருல எப்ப எண்ணுனாக?

— பங்குனி பிறந்து ஐந்தாறு நாளிலை.

— பங்குனி உத்திரத்துக்கு முன்னையா?

— முன்னைதான்.

— அப்ப இவுக இங்கிட்டுத்தானே ஆஸ்பத்திரியில படுத்திருந்தாக.

— ஓம். அதாலை ஊர்க் கணக்கிலை அவர் வரமாட்டார்.

— சரி. இங்கிட்டு எண்ணுனது?

— சித்திரையிலை.

— சித்திரையிலன்னா... உத்திரம் கழிச்சுக் கப்பல் ஏத்திட்டாகளே. அப்போ இங்கிட்டும் இல்லையா?

— கப்பல் போனது உண்மையெண்டால், இல்லை.

— அங்கிட்டும் இல்ல, இங்கிட்டும் இல்ல.

— ரண்டு கணக்குக்கும் நடுவிலை கடல் இருக்கு, பிள்ளை. அந்த நாளுகளிலை கடலிலை இருந்தவனை ஒரு நாடும் எண்ணாது.

— கேட்டியா, தங்கச்சி? ஆண்டவன் ஒலகத்தைப் படைச்சான், வெள்ளைக்காரன் அதை ரெண்டு தடவை எண்ணினான். நம்ம சன்னாசி ரெண்டு தடவையும் வெளிய நின்னுட்டான். அம்புட்டு நெட்டையா இருந்துக்கிட்டு எப்படித்தான் ரெண்டு பேரு கண்ணுலயும் படாமப் போனானோ!

— சிரிக்கிற நேரமா அண்ணே இது?

— சிரிக்கலம்மா. வேற என்ன செய்யிறதுன்னு எனக்குத் தெரியல.

— சாமி, நீங்க நல்லாப் பாருங்க. எங்க தோட்டத்துத் தாளை எடுத்து ஒரு வாட்டி பாருங்க.

— பாக்கத் தேவையில்லை. எனக்கு மனப்பாடம். பழைய பாலத் தோட்டம்: குருடர் சுழி. செவிட்டூமை சுழி. பைத்தியம் சுழி. பெருநோய் சுழி. பக்கத்துத் தோட்டம், அதுக்கு அடுத்த தோட்டம், கோலா கங்சார் றோட்டிலை இருக்கிற தோட்டம், எல்லாம் சுழி. சுழியாய்ச் சுழியாய் வருகுது. முதல் நாள் நான் நினைச்சன், எண்ணினவங்கள் சோம்பேறிகள் எண்டு. ஒரே சனம். அதே ஊர், அதே சாதி, அதே இரத்தம். அங்கை எண்ணினால் கிராமத்துக்கு ரண்டு குருடன். இஞ்சை எண்ணினால் ஒரு மாவட்டத்துக்கே இல்லை. ஒப்பிட்டுப் பாத்தால் என்ன அர்த்தம்?

— கப்பல் ஏறினா கண்ணு தொறந்துரும்னு அர்த்தம். நான் இனிமே கடையில கண் மருந்து விக்க வேணாம், கப்பல் சீட்டு விக்கலாம்.

— அப்பிடித்தான் ஒருத்தன் எழுதப் போறான், நானா. நீங்கள் பகிடிக்குச் சொல்லுறியள். அவன் நெசமாய் எழுதுவான். மலாயாக் காத்து கண்ணுக்கு நல்லது, றப்பர்த் தோட்டத்து வாழ்வு உடம்புக்கு நல்லது எண்டு எழுதி அச்சடிப்பான். என்ரை கையாலை கூட்டின கணக்கை வைச்சு எழுதுவான்.

— நெசம் என்னன்னு எங்க லயத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியுங்க. ஏறும்போதே நாகப்பட்டின டிப்போவுல டாக்டரு இமையைத் தூக்கிப் பாப்பாரு, கையைத் தூக்கச் சொல்லுவாரு, குதிக்கச் சொல்லுவாரு. மாடு வாங்குற மாதிரிதான். நல்ல உருப்படியா எடுத்துக்குவாக. இங்கிட்டு வந்து கை போனா, கால் போனா, கண்ணு போனா, திருப்பி அங்கிட்டே தள்ளி விட்டுருவாக.

— அதைத்தான் சொல்லுறன். ஆள் கெடுறது இஞ்சை, எண்ணுறது அங்கை. குற்றம் அந்த நாட்டுக் கட்டத்திலை ஏறுது. சுழி இந்த நாட்டுக் கட்டத்திலை நிக்குது. இதை நான் துரையிட்டைச் சொன்னனான். ‘ஜெயபாலன், உன்ரை வேலை கூட்டுறது’ எண்டார்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— கூட்டினன்.

— அப்ப நான் கப்பல் ஏறுறதுதான் சரி, இல்லீங்களா சாமி? இங்கிட்டு எல்லாம் சுழின்னா, அவுக இங்கிட்டு இல்ல. அங்கிட்டுத்தான் எங்கயாவது...

— நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். உனக்குச் சொல்ல வேற ஒண்டும் இல்லை, பிள்ளை. போற இடத்திலை உன்ரை புருசன்ரை தம்பியைப் பிடிச்சுக்கொள். நானா, கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு இண்டைக்கு இந்தத் தாளைத் திருத்தி மூடவேணும். துரை பொழுதுபடக் கேப்பார்.

— எல்லாம் சுழிதானே, அதுல திருத்த என்ன இருக்கு?

— ஒரு இடத்திலை மாத்திரம் சுழி இல்லை. அதைச் சுழியாக்க வேணும்.

— என்னது?

— ஒரு பிழை, நானா. அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லை.

— இருங்க லா. ஏம்மா, எழுந்திரிக்காத, உக்காரு. கிராணியாரே, எந்த எடத்துல?

— உவ எழும்பிற்றா, நேரம் போகுது...

— எந்த எடத்துல சுழி இல்ல?

— ஆத்துக்கு அந்தப் பக்கத்துப் பொது ஆஸ்பத்திரி. குருடர்: ஒண்டு. எண்ணப் போனவன் எழுதினது. நான் அந்த ஆஸ்பத்திரி நிக்கிற தோட்டத்துக்கு எழுதிக் கேட்டன். ‘எங்கள் பதிவில் அப்படி ஓர் ஆள் இல்லை’ எண்டு பதில் வந்தது. மற்றத் தோட்டங்களுக்கும் எழுதினன். உங்கடை தோட்டமும் எழுதியிருக்குது, பிள்ளை: ‘எங்களிடம் ஒரு குருடர் இருந்தார், அவரைப் பங்குனியில் ஊருக்கு அனுப்பிவிட்டோம்.’ ஒரு பதிவிலையும் இல்லாத ஆள் எப்பிடி இருக்க ஏலும்? ஆரோ ஓர் ஆளை ரண்டு தரம் எண்ணிப்போட்டினம் எண்டு துரை சொன்னார். அழிக்கச் சொல்லிப்போட்டார்.

— சாமி.

— என்ன?

— அந்த ஒண்ணு... ஆம்பளையா, பொம்பளையா?

— ஆண்.

— தமிழா?

— தமிழ். பொறு, வாசிக்கிறன். ‘வெராந்தாவில் படுத்திருந்த ஆண். தமிழர். இரு கண்ணும் இல்லை. கடுங்காய்ச்சல், பேச்சில்லை. பெயர் தெரியவில்லை, கட்டிலிலும் பெயர் எழுதப்படவில்லை.’

— அய்யோ!

— என்ன பிள்ளை? இரு, விழுந்திடப் போறாய்.

— பேரு எழுதலையா? கட்டில்ல பேரு எழுதலைன்னா போட்டிருக்கு?

— ஓம்.

— கொண்டு போன அன்னிக்குக் கட்டுப் போடுற டிரசரு என்னைத்தான் கேட்டாரு. ‘பேரு சொல்லு, எழுதணும்’னாரு. நான் புருசன் பேரை எப்படிச் சொல்லுவேன்? ‘கங்காணி வந்து சொல்லுவாரு சாமி’ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒவ்வொரு வாட்டி போகையிலயும் பாப்பேன், அந்தப் பலகை வெறுமையாவே தொங்கும். எனக்கா எழுதத் தெரியும்? அண்ணே! இது இவுகதான். இவுக கப்பல் ஏறலண்ணே!

— தங்கச்சி...

— கங்காணி வண்டி கொண்டு போயிருப்பாரு, காய்ச்சல் கண்டவரை ஏத்த முடியாதுன்னு டிரசரு விட்டிருக்க மாட்டாரு. கங்காணி பேசாமத் திரும்பியிருப்பாரு. பெரட்டுலதான் பேரை வெட்டியாச்சே, அப்புறம் யாரு கேக்கப் போறா? தோட்டத்துக்கு அவுக கப்பல்ல போயிட்டாக. ஆஸ்பத்திரிக்கு அவுக யாருமில்ல. அப்படித்தானே சாமி? சொல்லுங்க, அப்படித்தானே?

— ...அப்பிடி இருக்கலாம். அப்பிடி இருந்தால்தான் இந்தத் தாள் எல்லாம் ஒண்டோடை ஒண்டு பொருந்துது. அங்கை இல்லை; கப்பலிலை இல்லை; ஒரு தோட்டத்திலையும் இல்லை. தோட்டத்துப் பதிவு கேட்கிறது ஆருடைய ஆள் எண்டு. எங்கடை தாள் மட்டும்தான் அந்த ராத்திரி ஆர் எங்கை படுத்திருந்தது எண்டு கேட்டது. நான் இதை அழிக்கமாட்டன், பிள்ளை. துரை என்ன சொன்னாலும் அழிக்கமாட்டன்.

— நான் வெட்டுற நெரையோட கடைசி மரத்துலேருந்து பாத்தா அந்தத் தகரக் கூரை தெரியும், அண்ணே. விடிஞ்சதும் வெயில் பட்டு மின்னும். ஆறு மாசமா அதைப் பாத்துக்கிட்டேதான் வெட்டுனேன். ‘இங்கேருந்துதானே கொண்டு போனாக’ன்னு ஒரு வாட்டி கும்பிடக்கூடச் செஞ்சேன். அங்கிட்டுத்தான் கெடந்தாகளா! கூப்பிட்டிருந்தா கேட்டிருக்கும். பேச்சில்லைன்னுல்ல எழுதியிருக்கு, எப்படிக் கூப்பிடுவாக... சாமி, காய்ச்சல்ல போன பேச்சு திரும்ப வரும்ல? வரும். எங்க லயத்துலயே ஒருத்திக்கு வந்துச்சு.

— அது சித்திரையிலை எழுதினது, பிள்ளை. இப்ப ஐப்பசி. தாளுக்கு ஒரு ராத்திரிதான் தெரியும். அதுக்கு முன்னையும் தெரியாது, பின்னையும் தெரியாது.

— எனக்கு அது போதும். இருந்தாகல்ல? கடைசி ரயிலு எத்தனை மணிக்கு? கப்பலும் வேணாம் ஒண்ணும் வேணாம், தண்டட்டி போனாப் போகுது. பரிசல்காரரை எழுப்பியாச்சும் அந்தாண்ட போயிருவேன். போனதும் மொதல்ல பேரைச் சொல்லிருவேன், சாமி. சன்னாசி. சன்னாசி! கேட்டீகளா, சொல்லிட்டேன். ஒண்ணும் ஆயிறல. இதைச் சொல்லியிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்? அண்ணே, நீங்க எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. போற வழியில கடையைத் தொறந்து ஒரு வேட்டி கிழிச்சுக் குடுங்க. நான் கட்டிக் குடுத்தது இந்நேரம் நைஞ்சு போயிருக்கும். அவுக அளவு ஒங்களுக்குத்தான் தெரியுமே.

— நானா, என்ன? ஏன் முகம் உப்பிடிப் போச்சு?

— கிராணியாரே. அந்த ஆஸ்பத்திரியில கண்ணு தெரியாத ஆளு அந்த ஒருத்தன்தானா? வேற யாரும் இல்லைன்னு நல்லாத் தெரியுமா?

— அந்த ஆஸ்பத்திரியிலை எண்டில்லை. இந்த மாவட்டத்திலேயே அந்த ஒருத்தர்தான்.

— இன்னொரு தடவை பாருங்க.

— பாத்திட்டன், நானா.

— அல்லா மேல ஆணையாக் கேக்குறேன், இன்னொரு தடவை பாருங்க.

— ஒண்டுதான்.

— தங்கச்சி, உக்காரு.

— ஏண்ணே?

— உக்காரும்மா. அந்த எண்ணுற கூத்தெல்லாம் முடிஞ்சு அடுத்த வாரம், ஆஸ்பத்திரி டிரசரு என் கடைக்கு வந்தாரு. வெள்ளைத்துணி கேட்டாரு. யாருக்குன்னேன். ‘வெராந்தாவுல ஒரு கண்ணு தெரியாத ஆளு, நேத்து ராத்திரி முடிஞ்சு போச்சு, நாதி இல்ல’ன்னாரு. எனக்கு என்ன தெரியும்? நீதானே சொன்ன, சன்னாசி கப்பல் ஏறிப் போயிட்டான்னு. யாரோ ஒரு பாவின்னு நெனைச்சேன். எல்லாருக்கும் குடுக்கிற அளவையே கிழிச்சுக் குடுத்தேன்.

— இல்ல.

— தங்கச்சி...

— இல்லண்ணே. அது வேற யாராச்சும். கண்ணு தெரியாதவுக ஒலகத்துல எங்க வீட்டுக்காரரு ஒருத்தர்தானா? இந்தச் சாமி இப்பத்தானே சொன்னாக, பல்லாயிரம்னு? அந்தப் புத்தகத்துல இருக்குன்னாகளே! அதுல யாராவது ஒருத்தரு இங்கிட்டு வந்திருக்கக் கூடாதா? எண்ணுனவுக அவரை விட்டிருக்கக் கூடாதா? நீங்க சொல்லுங்க சாமி, விட்டிருக்கலாம்ல?

— ...விட்டிருக்கலாம், பிள்ளை.

— பாத்தீகளா அண்ணே? விட்டிருக்கலாமாம். அது வேற ஆளு.

— நானும் அப்படித்தான் நெனைக்கப் பாக்குறேம்மா, இந்தா, இப்ப உம் மொகத்தைப் பாத்துக்கிட்டு நெனைக்கப் பாக்குறேன், முடியல. அன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள டிரசரு திரும்பவும் ஓடி வந்தாரு. துணி காலுக்கு எட்டலையாம்.